வேலைக்குள் நுழைந்தாச்சு, மேலே ஏறுவது எப்போது?



இந்த மாத இளைஞர் வகுப்புக்கு நாம் எடுத்துக்கொள்ளும் தலைப்பு, வேலையிடத்தில் பெண்களின் முன்னேற்றம். "இதெல்லாம் பழைய கதை. இப்போ எங்கே பார்த்தாலும் பெண்கள்தானே வேலை செய்றாங்க" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இன்று படிக்கப் போகிறோம்.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இன்னும் ஒன்றரை ஆண்டில் நானும் என் தோழிகளும் வேலை தேடத் தொடங்குவோம். உங்களில் பலரும் அதே கட்டத்தில்தான் இருப்பீர்கள். அதனால் இது யாருக்கோ நடக்கும் விஷயம் இல்லை. ஆண் நண்பர்களும் "நமக்கு இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாளைக்கு நீங்கள் ஒரு சூப்பர்வைசராக, மேலாளராக, கணவராக, அப்பாவாக இருக்கப் போகிறவர்கள்.

1. நுழைவது வேறு, ஏறுவது வேறு

முதலில் சில எண்கள். நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் வேலைச் சந்தைக்கு வந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. வேலை செய்யும் வயதில் உள்ள ஆண்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் சுமார் 56 பேர்தான்.

மேல்மட்டத்தைப் பாருங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் வாரியத்திலும் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி, 2023 ஜூன் முதல் தேதியில்தான் எல்லா நிறுவனங்களுக்கும் முழுமையாக வந்தது. ஒரே ஒருவர்! அதற்கும் ஒரு விதி தேவைப்பட்டது என்றால், அதுவரை நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகிக்கலாம்.

ஆகவே "பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களா?" என்பது ஒரு கேள்வி. "எடுத்தபின் மேலே போக விடுகிறார்களா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்ததும் நாம் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

2. தோட்டத்துப் பாட்டிகள் காட்டும் பாடம்

இந்த வேறுபாடு நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார்களும் கொள்ளுப்பாட்டிமார்களும் ரப்பர் தோட்டங்களில் ஆண்களுக்குச் சமமாக வேலை செய்தவர்கள். விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்குப் போய் நின்று, இருட்டிலேயே மரம் சீவப் போனவர்கள். "பெண்கள் வெளியே போய் வேலை செய்வது இந்தக் காலத்து வழக்கம்" என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு நம் தோட்டத்துக் கதை தெரியவில்லை என்று பொருள்.

ஆனால் சம்பளம்? 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பதவி? கங்காணி, மண்டோர், கிராணி எல்லாம் அநேகமாக ஆண்களே. ஒரு பெண் முப்பது வருடம் மரம் சீவினாலும், மரம் சீவுபவராகத்தான் ஓய்வு பெற்றார்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது ஏன்? பெண்களின் உழைப்பு நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது. தேவை என்றதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் ஆளும் கிடைத்தது. இன்று எத்தனை அலுவலகக் கட்டடங்களில் ஒரு குழந்தைப் பராமரிப்பு அறை இருக்கிறது? கண்ணாடிக் கட்டடம், பத்து மாடி, மூன்று லிப்ட் எல்லாம் இருக்கும். குழந்தையை விட ஓர் இடம் மட்டும் இருக்காது.

சம ஊதியமும் தானாக வந்துவிடவில்லை. நாட்டில் பெண் ஆசிரியர்களும் ஒரு காலத்தில் ஆண் ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளமே வாங்கினார்கள். 1960-ஆம் ஆண்டு பெண் ஆசிரியர்களுக்கென ஒரு தொழிற்சங்கம் உருவாகிச் சம ஊதியம் கேட்டது. அதன் முதல் தலைவர் ராசம்மா பூபாலன், இளம் வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். அந்தத் தலைமுறை கேட்டதால்தான் இன்று நம் அம்மாக்களும் அக்காக்களும் பள்ளிக்கூடத்தில் ஒரே சம்பளம் வாங்குகிறார்கள்.

3. உடைந்திருப்பது முதல் படி

"கண்ணாடிக் கூரை" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் மெரிலின் லோடன் 1978-இல் ஒரு கலந்துரையாடலில் பயன்படுத்திய சொல் அது. மேலே இருப்பது தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடை தலையில் இடிக்கும் என்பது கருத்து. ஆனால் கூரையில் இடிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த உயரம் வரைக்குமாவது போக வேண்டும். பல பெண்கள் ஏணியின் முதல் படியிலேயே பின்தங்கிவிடுகிறார்கள்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய நிறுவனத்தில் 1000 ஆண்கள், 1000 பெண்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதவி உயர்விலும் ஆண்களில் 100-க்கு 50 பேர் மேலே போகிறார்கள். பெண்களில் 100-க்கு 40 பேர்.

முதல் உயர்வுக்குப் பின்: 500 ஆண்கள், 400 பெண்கள்.
இரண்டாவது உயர்வுக்குப் பின்: 250 ஆண்கள், 160 பெண்கள்.
மூன்றாவது உயர்வுக்குப் பின்: 125 ஆண்கள், 64 பெண்கள்.

சமமாகத் தொடங்கியவர்கள் மூன்றே படியில் இரண்டுக்கு ஒன்று என்று ஆகிவிட்டார்கள். இதில் யாரும் "பெண்களுக்குப் பதவி கிடையாது" என்று சொல்லவே இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன வித்தியாசம், அவ்வளவுதான். 1996-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் மூவர் இதையே கணினி மாதிரியாகச் செய்து பார்த்தார்கள். அடிமட்டத்தில் ஆணும் பெண்ணும் சமம், மொத்தம் எட்டு மட்டங்கள். பணி மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கத்தில் பாலினச் சார்பின் பங்கு வெறும் 1 விழுக்காடு என்று வைத்தார்கள். அப்படியும் உச்சியில் இருந்தவர்களில் பெண்கள் 35 விழுக்காடுதான்.

பொறியியல் மாணவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் அழுத்தம் கசிந்தால், குழாயின் கடைசி முனையில் தண்ணீர் வராது. கடைசிக் குழாயை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

4. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்"

அப்படியானால் அந்தச் சின்ன வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பல நேரங்களில் வெறுப்பிலிருந்து வருவதில்லை. அக்கறையிலிருந்து வருகிறது. இந்தப் பாடத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் தொழிற்பயிற்சியின்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் நான் உட்பட மூன்று பயிற்சி மாணவர்கள். மற்ற இருவரும் பையன்கள். ஒரு வாரக் கடைசியில் ஒரு லைனை மட்டும் நிறுத்தி, இயந்திரங்களைத் திறந்து பழுது பார்த்தார்கள். வேலை இரவு முழுவதும் நடந்தது. சூப்பர்வைசர் நம்மவர், நல்ல மனிதர். பையன்களை வரச் சொல்லிவிட்டு என்னிடம், "வேணாம்மா, ராத்திரி பூரா நிக்கணும். நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார், சந்தேகமில்லை.

ஆனால் அந்த இரவில் அவர்கள் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள். பேரிங் மாற்றினார்கள். திங்கட்கிழமை அவர்களுடைய குறிப்பேட்டில் நான்கு பக்கம் நிறைந்திருந்தது. என் குறிப்பேட்டில் கோப்பு அடுக்கியது மட்டும்தான் இருந்தது. இன்னொன்றும் உண்டு. அதே இரவு, அதே தொழிற்சாலையில், பக்கத்து லைன்களில் நைட் ஷிப்ட் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! நம் நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் 1970-களிலிருந்தே பெண்கள் இரவு வேலை செய்கிறார்கள். லைனில் நிற்கும் அக்காவுக்கு இரவு பிரச்சினை இல்லை. இன்ஜினியராக வரப்போகும் பெண்ணுக்கு மட்டும் இரவு ஆபத்து. இது எப்படி?

சிவில் துறையில் இதன் விளைவு இன்னும் பெரிது. பட்டம் முடித்தவர் முதலில் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு செய்கிறார். பின்பு நிபுணத்துவப் பொறியியலாளர் ஆவதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும். வடிவமைப்பு அறையில் உட்கார்ந்து செய்த வேலை மட்டும் போதாது, களத்தில் நின்ற அனுபவமும் வேண்டும். "சைட்டுல வெயில், சேறு, கழிப்பறை வசதி சரியில்லை, நீ ஆபிஸ்லயே இரு" என்று ஒரு பெண்ணை மூன்று வருடம் பாதுகாத்தால் என்ன ஆகும்? அவளோடு படித்த பையன் விண்ணப்பம் போடுவான். அவள் இன்னும் அனுபவம் தேடிக்கொண்டிருப்பாள். பிறகு பதவி உயர்வுக் கூட்டத்தில், "அவங்களுக்கு சைட் அனுபவம் இல்லையே" என்பார்கள். அது பொய்யும் இல்லை. அந்த அனுபவம் ஏன் இல்லாமல் போனது என்பதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சைட்டில் கழிப்பறை சரியில்லை என்றால் கழிப்பறையைத்தானே சரி செய்ய வேண்டும்? இரவுப் பயணம் ஆபத்து என்றால் வாகன ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்ணை ஒதுக்கி வைப்பது சுலபமான வழி. அதற்கான விலையை அவள் மட்டும் கொடுக்கிறாள்.

இதே ரகத்தில் இன்னும் சில:
• கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் கேக் வாங்குவது, விருந்தினருக்குத் தேநீர் ஏற்பாடு செய்வது எல்லாம் பெண்ணின் தலையில் விழும். யாருடைய பதவி உயர்வுப் படிவத்திலும் இதற்கு மதிப்பெண் இல்லை.
• "அவளுக்குச் சின்ன பிள்ளை இருக்கு, வெளியூர் வேலையெல்லாம் கேட்க வேணாம்" என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்துவிடுவார்கள்.
• முக்கியமான பேச்சு மாமாக் கடையிலும் பூப்பந்து மைதானத்திலும் நடக்கும். அங்கே அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

5. குழந்தை பிறந்த பிறகு

2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் கிளாடியா கோல்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர். பெண்களின் வேலை, ஊதிய வரலாற்றை 200 ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்தவர். வளர்ந்த நாடுகளில் இன்று ஆண் பெண் ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி ஒரே வேலை செய்பவர்களுக்கு இடையேதான் இருக்கிறது, அது முதல் குழந்தை பிறந்த பிறகே பெரிதாகிறது என்று அவர் காட்டினார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிறவருக்கு அதிகச் சம்பளம் தரும் வேலைகளை அவர் "பேராசை வேலைகள்" என்கிறார். ஒரு தம்பதியில் ஒருவர் அந்த வேலையை எடுத்தால் மற்றவர் வீட்டுக்காக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்த மற்றவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டு வரைபடத்திலும் இது தெரிகிறது. மலேசியப் பெண்களின் வேலைப் பங்கேற்பு இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்துக்குப் போகிறது. அதன்பின் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் குழந்தை வளர்ந்ததும் பெண்கள் திரும்பி வருவதால் கோடு மறுபடி ஏறியது. இங்கே இறங்கிய கோடு ஏறுவதில்லை. வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் பெண்கள் சொல்லும் முதல் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும்தான். ஆண்கள் சொல்லும் முதல் காரணம், "படிச்சிக்கிட்டு இருக்கேன்."

முதலாளிகள் தயங்குவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 98 நாள், அதாவது 14 வாரம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் இதையே குறைந்தபட்ச அளவாக வைக்கிறது. ஆனால் அந்தச் சம்பளச் செலவை முதலாளி மட்டும் தனியாகச் சுமக்கக் கூடாது, சமூகப் பாதுகாப்பு நிதி போன்ற பொது ஏற்பாடு வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தின் கொள்கை. இங்கே தனியார் துறையில் அதை முதலாளியே கொடுக்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனிக்கு இது பாரம்தான். அதனால்தான் நேர்முகத் தேர்வில், "கல்யாணம் எப்போ?" என்ற கேள்வி வருகிறது. பையனிடம் இதே கேள்வி வந்தால், "நல்லது, பொறுப்பு வரும்" என்கிறார்கள்.

தந்தையருக்கான விடுப்பு எவ்வளவு? 7 நாள். 98-க்கு 7. குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

6. சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொள்வோம்.

பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் ஒரு விமானப் பணிப்பெண். கர்ப்பமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அன்றைய ஒப்பந்த விதி. அவர் விலக மறுத்ததால் 1991-இல் வேலை நீக்கப்பட்டார். வழக்கு பல ஆண்டுகள் நடந்து 2005-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோல்வியில் முடிந்தது. அரசியலமைப்பின் சமத்துவ உறுதி அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல என்று சொல்லப்பட்டது.

இதற்கிடையே 2001-இல் அரசியலமைப்பின் 8-ஆவது விதியில், பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சொல் சேர்க்கப்பட்டது. 2009-இல் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்த நூர்ஃபடில்லா, தான் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னதும் வேலை திரும்பப் பெறப்பட்டது. அவர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், இது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஒரே நாடு, ஒரே காரணம். அரசாங்க வேலை என்றதால் அரசியலமைப்பு கைகொடுத்தது.

தனியார் துறையில் 2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் முக்கியமானது. தீபகற்ப மலேசியாவில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் இவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்:

• மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.
• கர்ப்பிணி என்பதற்காக வேலை நீக்கம் செய்ய முடியாது.
• நெகிழ்வான வேலை நேரம் அல்லது வேலை இடம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.
• வேலையில் பாகுபாடு என்றால் தொழிலாளர் இலாகாவில், நாம் லேபர் ஆபிஸ் என்போமே, அங்கே புகார் செய்யலாம்.
• தொழிற்சாலையில் இரவிலும், நிலத்தடியிலும் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த பழைய கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன.

கடைசி அம்சத்தைக் கவனியுங்கள். "சட்டம் விடாது" என்று இனி யாரும் ஒரு பெண் இன்ஜினியரை இரவு வேலையிலிருந்து ஒதுக்க முடியாது. இதோடு, பாலியல் தொல்லைக்கு எதிராக 2022-இல் தனிச் சட்டம் வந்தது. அதன் நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம்.

குறையும் உண்டு. அந்தத் திருத்தத்தின் பாகுபாட்டுப் பிரிவு ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அது பேசவில்லை. நம்மைப் போல முதல் வேலை தேடுபவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை.

7. நாம் செய்யக்கூடியவை

தங்கைகளுக்கும் தோழிகளுக்கும்: கேளுங்கள். "நானும் வர்றேன் சார், என்னையும் சேர்த்துக்குங்க" என்று ஒரு வாக்கியம் போதும். வேண்டாம் என்றால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். செய்த வேலையைத் தேதியோடு எழுதி வையுங்கள். வேலையை விட்டவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், திரும்பிச் செல்ல வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். தேலண்ட்கோர்ப் நிறுவனத்தின் கெரியர் கம்பேக் திட்டம் அவர்களுக்கானது.

ஆண் நண்பர்களுக்கு: கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன யோசனையை ஐந்து நிமிடம் கழித்து வேறொருவர் தன்னுடையது போலச் சொன்னால், "இதை அவங்க முதல்லயே சொன்னாங்களே" என்று சொல்லுங்கள். குறிப்பு எழுதும் வேலையை முறை வைத்து மாற்றுங்கள். அப்பா ஆகும்போது அந்த 7 நாளையும் முழுமையாக எடுங்கள். "விடுப்பு எடுப்பது பெண்கள்தான்" என்ற கணக்கு, ஆண்கள் எடுக்கத் தொடங்கினால்தான் மாறும்.

பெற்றோருக்கு: "பொண்ணுக்கு அவ்வளவு தூரத்துல வேலை எதுக்கு?" என்று சொல்லுமுன், மகனிடமும் இதைச் சொல்வோமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நம் கிளைகளுக்கு: இதுதான் நாளைக்கே தொடங்கக்கூடியது. நம் இளைஞர் கிளைகளிலும் ஆலய விழாக்களிலும் யார் என்ன செய்கிறார்கள்? தலைவர் ஆண், செயலாளர் பெண். மைக் ஆணிடம், கோலமும் பந்தியும் பெண்களிடம். கல்விக்கும் செல்வத்துக்கும் வீரத்துக்கும் பெண் தெய்வங்களை வணங்கும் நாம், பட்ஜெட் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பொருளாளராக உட்கார வைக்க ஏன் தயங்குகிறோம்? ஒரு முகாமை முழுப் பொறுப்பெடுத்து நடத்திய பெண், வேலையிடத்தில் ஒரு திட்டத்தை நடத்தப் பயப்பட மாட்டாள். அவளோடு அந்த முகாமில் வேலை செய்த பையனும் நாளை ஒரு பெண் மேலாளரைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டான்.

அக்கறை நல்லது. அதைக் காட்டுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். "உனக்கு வேணாம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "உனக்கு என்ன ஏற்பாடு வேணும்?" என்று கேட்கப் பழகுவோம்.

கலந்துரையாட

1. உங்கள் கிளையின் கடந்த மூன்று ஆண்டுச் செயற்குழுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் பொறுப்பில் ஆண்கள், எதில் பெண்கள்? ஏன்?
2. "பாதுகாப்பு" என்ற காரணத்துக்காக ஒரு வாய்ப்பு மறுக்கப்பட்டதை உங்கள் குடும்பத்தில் பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்பையும் கொடுத்து, பாதுகாப்பையும் கொடுக்க என்ன செய்திருக்கலாம்?
3. மகப்பேறு விடுப்புச் செலவை முதலாளி, அரசாங்கம், சொக்சோ ஆகிய மூன்றில் எது ஏற்க வேண்டும்? உங்கள் பதிலுக்குக் காரணம் சொல்லுங்கள்.
4. வீட்டில் உள்ள பாட்டி அல்லது அம்மாவிடம் அவர்களுடைய முதல் வேலை, முதல் சம்பளம் பற்றிக் கேட்டு, அடுத்த வகுப்பில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.